நீலக் கதவுச் சாப்பாட்டுக் கடை

மார்ச் 4

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம்.

நேற்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், கொழுந்தனார், அவர் மனைவி, மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் மருந்துக் கம்பெனிக்காரர், தைத்த துணியைக் கொடுக்க வந்துவிட்டுப் போக மனமில்லாமல் உட்கார்ந்துவிட்ட எதிர்வீட்டுத் தையற்காரி. மொத்தம் ஆறு பேர். எதற்கு இந்தக் கணக்கு என்றால், நாளைக்கு யாராவது உங்களிடம் ‘அவளாகவே கிளம்பிவிட்டாள்’ என்று சொல்லக் கூடாது. எல்லோர் முன்னாலும் பேசி முடித்தது இது.

பெரியவன் நம்மை விட்டுப் போய் ஏப்ரல் கடைசியில் ஒரு வருடம் ஆகிறது. அதற்குள் அவன் இருந்த ஊரை நான் ஒரு முறை வந்து பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது.

சுலபமாக முடியவில்லை. “அண்ணி, அந்த ஊர்ல குடிக்கிற தண்ணியே மீன் வாடை அடிக்கும். நீங்க என்னத்தைச் சாப்பிடுவீங்க, காத்தையா?” என்றார் கொழுந்தனார். “வாடையே காத்துலதானே வருது” என்றாள் தையற்காரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு அவன் படத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இவர்தான் கடைசியில், “போகணும்னு தோணிச்சுன்னா போயிட்டு வருவோம். பெட்டி தூக்க நான் இருக்கேன்ல” என்றார்.

போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது. எழுதினால் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவான். ஊரைப் பற்றித்தான் பேச்சு. பஸ் மலை வளைவைத் தாண்டியதும் கடல் மொத்தமாகக் கண்ணில் விழும் என்பான். “டிரைவரே அந்த இடத்துல வேகத்தைக் குறைச்சிடுவார்மா, தினம் பார்க்கிற மனுஷன்” என்பான். வெள்ளை வீடுகள் படி படியாக இறங்குவது, கலங்கரை விளக்கத்தடியில் பாறைமேல் ஆட்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது எல்லாம் அவன் சொல்லிச் சொல்லி நான் போகாமலே பார்த்தவை.

சாப்பாட்டுக்கும் வழி சொல்லியிருக்கிறான். கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் நீலக் கதவு போட்ட ஒரு கடை. சன்னல் ஓரமாக நீள பெஞ்சு. கடைக்கார அம்மா பக்கத்தில் நின்று பரிமாறுவார்களாம். தட்டில் மிச்சம் வைத்தால் திட்டு விழுமாம். சுத்த சைவம். “உனக்குன்னே வெச்ச கடை மாதிரி இருக்கும்மா, ஒரு தடவை வந்து பாரேன்” என்பான்.

உங்களுக்கு மீன் வியாபாரம் என்று தெரியும். அது உங்கள் தொழில், நான் குறையாக நினைக்கவில்லை. உங்கள் வீட்டில் தங்கி உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதால் விடுதியில் தங்கிக்கொள்கிறோம். காலையில் கஞ்சி வைத்துக்கொள்ள ஒரு சின்ன அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு, உப்பு வரை எடுத்து வருவேன். மற்ற வேளைக்கு அந்தக் கடைதான். அவன் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். வேறு ஆசை இல்லை.

கடை இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். மருமகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 11

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆறு பேர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறீர்கள். நல்லது. என் வீட்டில் நானும் என் மகள் பாப்பாவும் இரண்டே பேர். அதனால் இங்கே கூட்டம் கூடவில்லை.

மாப்பிள்ளை இருந்தபோது எத்தனை தடவை கூப்பிட்டார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டார், வரவில்லை. வீடு மாறியபோது கூப்பிட்டார். கால் உடைந்து படுத்திருந்தபோது கூட, ‘அம்மா வந்தா நல்லாருக்கும்’ என்று கட்டிலில் இருந்தபடி சொன்னார். அப்போதெல்லாம் உங்களுக்குச் சாப்பாடு கிடைக்காது என்று பயமாக இருந்தது. இப்போது பயம் போய்விட்டதா?

மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது எனக்கு, அதனால் எழுதிவிட்டேன். போனில் என்றால் இதற்கு மேலும் பேசியிருப்பேன்.

விடுதி படகுத்துறைப் பக்கம் வேண்டாம், இரைச்சல். மேல் தெருவில் ஒன்று இருக்கிறது, சன்னலைத் திறந்தால் கடல்.

பாப்பா மறுபடி வேலைக்குப் போகிறாள். அதே படகுத்துறை டிக்கெட் சன்னல்தான். ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் முழுக்கச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறாள். வீட்டுக்கு வந்தால் பேச்சு இல்லை.

நீங்கள் கேட்ட கடை இருக்கிறது.


மார்ச் 16

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் எழுதியது எல்லாம் நியாயம். படித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பதில் எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. கிழித்துவிட்டேன்.

ஆனால் கடைசி வரி என் வயிற்றில் பால் வார்த்தது. கடை இருக்கிறது! இவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்.

உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் கேட்கிறேன். அந்தக் கடைக்கார அம்மா எப்படிப்பட்டவர்? வயது என்ன இருக்கும்? கும்பிடுகிறவர்தானே? அவன் சொன்னதை வைத்து நானாக ஒரு முகத்தை நினைத்து வைத்திருக்கிறேன். ஒரு தடவை அவனுக்குக் காய்ச்சல் வந்து வேலைக்குப் போகாமல் படுத்திருந்தபோது, அந்த அம்மா மிளகு தட்டிப் போட்ட கஞ்சியைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு மேடு ஏறி வந்தார்களாம். “மூச்சு வாங்க வாங்க வந்து, ‘இதைக் குடிக்கலேன்னா தலையிலேயே ஊத்திடுவேன்’னு சொன்னாங்கம்மா” என்று சொல்லிச் சிரித்தான். பெற்றவள் நான் இங்கே இருக்க, யாரோ ஒருத்தி அங்கே என் பிள்ளைக்காக மேடு ஏறியிருக்கிறாள்.

குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக் வேலை என்றால் நேரத்துக்குச் சோறு ஏது? உறைந்துபோன கையோடு வெளியே வருகிறவனுக்குச் சூடாகச் சோறு போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சம்பந்தியம்மா. இதற்காகத்தான் வருகிறேன் என்று கூடச் சொல்லலாம். அவன் படுத்த கட்டிலையும் போட்ட சட்டையையும் பார்த்தால் எனக்குத் தாங்காது. சோறு போட்ட கையைப் பார்த்தால் தாங்கும்.

சோற்றுப் பானையைக் கந்தல் துணியால் பிடித்து இறக்குவார்கள் என்று சொல்லியிருக்கிறான். சூடு தாங்குகிற மாதிரி நாலு மடிப்பு வைத்து இரண்டு பிடிதுணி தைத்திருக்கிறேன். ஓரத்துக்கு நீல நூல்.

அவன் அந்த ஊரில் இருந்தும் தன் வழியை விடாமல் இருந்ததற்கு அந்த அம்மாதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் சாப்பாட்டு விஷயத்தில் அவனைத் தொந்தரவு செய்யாமல் விட்டீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 24

சம்பந்தியம்மாவுக்கு,

அந்தக் கடைக்காரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

என் வயதுதான். குள்ளம். முரட்டு வாய். கும்பிடுகிறவள்தான், ஆனால் நின்று கும்பிட நேரம் கிடைக்காது; கரண்டியும் கையுமாக நாலு வார்த்தை சொல்லிக்கொள்வாள். புருஷன் கடலில் போனவன், திரும்பவில்லை. அதற்குப் பிறகு போட்ட கடை. நன்றி சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று சொல்வாள். நீங்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வாள்.

அந்தக் கஞ்சி விஷயம் உண்மை. மேட்டில் ஏறும்போது பாதி கொட்டிவிட்டது. அதை மாப்பிள்ளை சொல்லியிருக்க மாட்டார்.

ஏப்ரலில் வர வேண்டாம். மே மாதம் நடுவில் வாருங்கள். அப்போது மீன்கள் குஞ்சு பொரிக்கிற காலம், படகுகள் கடலுக்குப் போகாது. ஏலக் கூடம் காலியாகக் கிடக்கும். கூடைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். தெருவில் வாடை இருக்காது. உங்களுக்கு அதுதான் தோது. ஒரு வருட நாள் தள்ளிப் போகிறதே என்று நினைக்காதீர்கள். அன்றைக்குப் பாப்பாவும் நானும் இங்கே பார்த்துக்கொள்கிறோம்.

அடுப்பு எடுத்து வர வேண்டாம். கடையில் புதுப் பாத்திரங்கள் வாங்கியிருக்கிறார்கள். நானே பார்த்தேன்.


ஏப்ரல் 6

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாடி வீட்டு மருந்துக் கம்பெனிக்காரர் வேலையாக உங்கள் ஊருக்கு வந்திருந்தார். மே மாதம் வரை எதற்குக் காக்க வைப்பது என்று பிடிதுணிப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்து, கடைக்கார அம்மாவிடம் சேர்த்துவிடச் சொன்னேன். சந்து, கதவு எல்லாம் எழுதிக் கொடுத்தேன். உங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த அம்மா திடீரென்று பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன்.

நேற்று திரும்பி வந்தார். பொட்டலம் அவர் கையிலேயே இருந்தது.

“அம்மா, நீலக் கதவு இருக்கு. சன்னல் பெஞ்சும் இருக்கு. ஆனா உள்ள போனா வாணலி நிறைய மீன் பொரியுது. இங்க சைவச் சாப்பாடு போடற அம்மா யாருங்கன்னு கேட்டேன். கடையே திரும்பிப் பார்த்துச்சு. ஒருத்தர், ‘தம்பி வழி தப்பி வந்துட்டார் போல’ன்னார். கரண்டியோட நின்ன அம்மா மட்டும் சிரிக்கல. ‘யார் அனுப்பினா?’ன்னாங்க. இந்த ஊர்ப் பேரைச் சொல்லி, ஒரு அம்மா அனுப்பினாங்க, அவங்க மகன் இங்கதான் சாப்பிடுவாராம்னு சொன்னேன். கரண்டியைக் கீழ வெச்சாங்க. அப்புறம், ‘அப்படி யாரும் இங்க இல்ல. நீங்க உட்காருங்க, முகம் வாடிக் கெடக்கு, சாப்பிட்டுப் போங்க’ன்னாங்க.”

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். அவரும் என்னைப் போலத்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்தியம்மா, நீங்கள் நேரில் பார்த்ததாக எழுதினீர்கள். புதுப் பாத்திரம் வாங்கியதாகக் கூட எழுதினீர்கள். கடை கை மாறிவிட்டதா? அல்லது நீலக் கதவு போட்ட கடை அந்தத் தெருவில் இரண்டு இருக்கிறதா? அப்படி இருந்தால் நல்லது. கேட்டு எழுதுங்கள்.

அப்படி இல்லையென்றால் இன்னொன்று கேட்கிறேன். நான் இதுவரை யாரிடமும் கேட்காதது. என் பிள்ளை மீன் சாப்பிட்டானா?

எதுவாக இருந்தாலும் நடந்ததை எழுதுங்கள்.


ஏப்ரல் 12

சம்பந்தியம்மாவுக்கு,

சாப்பிட்டார்.

நீலக் கதவு ஒன்றுதான். அந்தக் கடை என்னுடையது. கரண்டியோடு நின்றவள் நான். எனக்கு மீன் வியாபாரம் என்று கேள்விப்பட்டு, கூடையில் வைத்து விற்கிறவள் என்று நினைத்துக்கொண்டீர்கள். நான் சமைத்து விற்கிறவள். நீங்கள் கேட்டதில்லை, நான் சொன்னதுமில்லை.

முதலில் இருந்தே சொல்கிறேன். கிடங்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் கடைக்குள் வந்து, “மீன் இல்லாம என்ன இருக்கு?” என்று கேட்டார். “தண்ணி இருக்கு” என்றேன். போய்விடுவார் என்று பார்த்தேன். உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துவிட்டு, “நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் போடுங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் பாப்பாவுக்கும் வைத்திருந்த பருப்பை எடுத்து ஊற்றினேன். மறுநாளிலிருந்து அவருக்கென்று ஒரு சட்டி தனியாக வைத்தேன். அப்புறம்தான் பாப்பாவைக் கேட்டார், கல்யாணம் எல்லாம். கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு வருடம் அந்தச் சட்டி ஓடியது.

யாரும் அவரை வற்புறுத்தவில்லை. இதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். ஒரு மழை நாள், கடையில் ஆள் இல்லை. பாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே அவள் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். பாப்பா அழுதாள். ஏன் அழுதாள் என்று இன்று வரை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேசுவாரே, அது அந்தச் சன்னல் பெஞ்சில் உட்கார்ந்துதான். எதிரில் நான் செதில் உரசிக்கொண்டிருப்பேன். கதவு நிறத்திலிருந்து நான் திட்டுகிற திட்டு வரை ஒன்று விடாமல் உங்களிடம் சொல்லுவார். மீனை மட்டும் சொல்ல மாட்டார். “எதுக்கு மாப்பிள்ளை இந்தப் பொய்?” என்று ஒரு நாள் கேட்டேன். “பொய் எங்க அத்தை? மீனை மட்டும் எடுத்துட்டேன், மிச்சமெல்லாம் நிஜம்தானே” என்றார். “அம்மா ஒரு தடவை இங்க வந்து உட்கார்ந்துட்டா போதும். உங்களைப் பார்த்துட்டா போதும். அப்புறம் நான் சொல்லிக்கிறேன்” என்றார். நீங்கள் வரவில்லை.

கடைசி நாள் என்ன சாப்பிட்டார் என்று கேட்க நினைப்பீர்கள். மீன்தான். இரண்டு துண்டு. ‘இன்னைக்கு உப்பு தூக்கல் அத்தை’ என்று சொல்லிவிட்டுக் கிடங்குக்குப் போனார். மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

நான் ஏன் பொய் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கூடம் நிறைய ஆட்கள். ஒரு வாய் டீ போட்டுக் கொடுக்கக் கூட யாருக்கும் கை ஓடவில்லை. நான் எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் போனேன். வாசற்படியில் ஒரு கை குறுக்கே வந்தது. உங்கள் கை. “நீங்க இருங்க” என்றீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள். நான் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் பிள்ளைக்கு ஆறு வருடம் சோறு போட்டவளுக்கு உங்கள் வீட்டில் ஒரு குவளைத் தண்ணீர் சுட வைக்க இடமில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் எழுதுகிறீர்கள், அந்தக் கடைக்காரியின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று. அந்த வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது, சம்பந்தியம்மா. அதற்காகத்தான் பொய் சொன்னேன். மே மாதம் வரச் சொன்னதும் அதற்குத்தான். படகு போகாத நாட்களில் கடையில் மீனே வேண்டாம், புதுப் பாத்திரத்தில் கீரையும் பருப்பும் வைப்போம், என் முகத்தைப் பார்த்து நீங்கள் திகைத்து நிற்பதற்குள் உட்கார வைத்து ஒரு வாய் சாப்பிட வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மாப்பிள்ளை போட்ட அதே கணக்கு.

பாப்பாவுக்கு இது தெரிந்து நேற்று சண்டை. “அவர் சொன்னா அது ஆசை. நீ சொன்னா ஏமாத்து வேலைம்மா” என்றாள். மாப்பிள்ளை போன பிறகு அவள் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியது நேற்றுத்தான்.

உங்கள் ஆள் பொட்டலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனது நல்லது. பொய் சொல்லி வாங்கியதாக ஆகியிருக்கும்.

இனி வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.


மே 9

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. ஒரு வருட நாளும் வந்து போய்விட்டது. இங்கே இவரும் நானும் மட்டும் இருந்தோம். யாரையும் கூப்பிடவில்லை.

கோபம் இல்லை என்று எழுதினால் நானும் பொய் எழுதினவள் ஆவேன். உங்கள் மேல் கோபம், அவன் மேல் கோபம், போனவன் மேல் கோபப்பட்டதற்காக என் மேல் கோபம். பிரார்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. ‘அவன் தன் வழியை விடக் கூடாது, இந்த ஒன்றைத்தானே உன்னிடம் கேட்டிருந்தேன்’ என்று சாமியிடமும் சண்டை போட்டேன்.

இவரிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “எனக்குத் தெரியும்” என்றார். “என்ன தெரியும்?” “அவன் எங்கிட்ட சொல்லிட்டான். எப்பவோ.” “ஏன் எங்கிட்ட சொல்லல?” “நீ எங்க கேக்கற நிலைமைல இருந்த?” என்றார். மின்சார மீட்டரைப் பார்த்துக் குறிப்பதைத் தவிர இவருக்கு வேறொன்றும் தெரியாது என்று இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் சாப்பிடக் கூப்பிட வேண்டியிருந்ததால் பேசினேன்.

யோசித்துப் பார்த்தால் என்னை உறுத்துவது மீன் இல்லை. கசப்பு மருந்தை வெல்லத்தில் பொதிந்து குழந்தைக்குக் கொடுப்பது மாதிரி என் பிள்ளை எனக்கு ஊரைக் காட்டியிருக்கிறான். ஞாயிறு தவறாமல் காட்டியிருக்கிறான். என்னைப் பார்த்து அவனுக்கு அவ்வளவு பயம். ‘ஏம்மா, நான் மீன் சாப்பிடறேன், இருந்தாலும் வா’ என்று சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரிகிறது.

அடுப்பங்கரை வாசலில் நடந்ததற்குக் கடிதத்தில் பதில் எழுத மாட்டேன். எழுதினால் அழகாக எழுதிவிடுவேன், அது தப்பு. நேரில்தான்.

நான் வருகிறேன். மே மாதம் இல்லை. படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு. கடை வழக்கம் போல நடக்கட்டும். எனக்காக வாணலியைக் கவிழ்க்க வேண்டாம், யாரையும் எழுப்பி அனுப்ப வேண்டாம். அவன் பார்த்த கடையைத்தான் நான் பார்க்க வேண்டும். அவன் எனக்காகத் துடைத்து வைத்த கடையை இல்லை.

என் தட்டில் மீன் வராது. அது நான் கும்பிடுகிற சாமிக்கும் எனக்கும் உள்ளது. இந்த வயதில் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன், மாற்றச் சொல்ல நீங்களும் மாட்டீர்கள். ஆனால் உங்கள் அடுப்பில், உங்கள் பானையில் வெந்த சோறு எனக்குப் போதும். பக்கத்து அடுப்பில் என்ன வெந்தாலும் சரி. இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். பாத்திரத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். படிக்க முயல வேண்டாம். எழுதி முடித்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வாடையில் எனக்குச் சோறு இறங்குமா என்று தெரியாது. வாந்தி கூட வரலாம். வந்தால் வந்துவிட்டுப் போகிறது, வெளியே போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்காருவேன். அதற்காக நீங்கள் மனம் கோணக் கூடாது. இதை முன்கூட்டியே எழுதிவிடுகிறேன்.

எங்கே தங்குவது, எந்த அடுப்பு, எந்தக் கடை என்று இத்தனை கடிதம் எழுதினேன். எல்லாக் கடிதத்தையும் மனதில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். மருமகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான். புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். நான் அவளை ஒரு தடவை கூட நேராகக் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வராதவள், அவள் கால் வைத்த வீட்டுக்கு வராதவள், இப்போது வந்து அவள் முன்னால் நிற்கிறேன் என்கிறேன். என் முகத்தில் அவன் சாயல் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அது அவளுக்கு ஆறுதலா, வேதனையா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும்.

அதனால் டிக்கெட் எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுங்கள். படித்துக் காட்ட வேண்டாம், கையில் கொடுங்கள். நான் வருவதில் அவளுக்குச் சம்மதமா என்று தெரிய வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதட்டும், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றாலும் சரி, காத்திருப்பேன்.

நீங்கள் எழுதினாலும் சரி, அவள் எழுதினாலும் சரி. பதிலைச் சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி